மைக்ரோடிக் சிஆர்எஸ்305: நாலு போர்ட் 10 கிகாபிட் ஸ்விட்சும், ஏறாத நாஸ் வேகமும்

சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் பக்கத்துச் சின்ன எடிட்டிங் அறைகளில் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூலையில் ஒரு நாஸ், அதாவது எல்லாரும் நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி; அதில் நாலோ ஆறோ ஹார்டு டிஸ்க். எதிரே மூன்று எடிட் சிஸ்டம். நடுவில், இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன ரவுட்டரோ, எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்சோ. ஒருவர் ஃபுட்டேஜ் காப்பி போட்டால் அடுத்தவரின் டைம்லைன் திக்கும். உடனே "10 கிக் போட்டுடலாமா?" என்று பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சில் தவறாமல் அடிபடும் பெயர் மைக்ரோடிக் சிஆர்எஸ்305-1ஜி-4எஸ்+ஐஎன். லாட்வியா நாட்டுக் கம்பெனி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெட்டி நல்ல பெட்டி, வாங்கலாம். ஆனால் மாட்டிய அன்றே நாஸ் பத்து மடங்கு பறக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 10 கிகாபிட் போட்ட பிறகும் காப்பி வேகம் நொடிக்குப் பழைய 110 எம்பியிலேயே (மெகாபைட்) நிற்பதற்கும், 300-ல் முட்டிக்கொள்வதற்கும் காரணம் பெரும்பாலும் ஸ்விட்சில் இல்லை. அதன் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் இந்த விமர்சனத்தில் பெட்டிக்குப் பாதி இடம், அதைச் சுற்றியுள்ள செட்டிங்குகளுக்கு மீதி.

10 கிகாபிட் தேவையா?

1 கிகாபிட் என்பது நொடிக்கு 125 எம்பி. ஈதர்நெட், ஐபி, டிசிபி தலைப்புகள் தம் பங்கை எடுத்துக்கொண்டபின் கோப்புக்குக் கிடைப்பது 118 எம்பி வாக்கில். விண்டோஸ் காப்பி பெட்டியில் இது 112, 113 என்று தெரியும். அது 1,024-ஆல் வகுத்துக் காட்டுவதால் வரும் வித்தியாசம், எதுவும் தொலைந்துபோகவில்லை.

இப்போது ஃபுட்டேஜ். யுஎச்டி 4கே, 24 ஃபிரேம், ஆப்பிளின் எடிட்டிங் வடிவமான புரோரெஸ் 422 எச்க்யூ என்றால் ஆப்பிள் தரும் கணக்குப்படி நொடிக்கு 707 மெகாபிட், அதாவது 88 எம்பி. 1 கிகாபிட் கம்பியில் ஒரு ஸ்ட்ரீம் ஓடும், இரண்டாவது ஓடாது. மூன்று பேர், ஆளுக்கு இரண்டு ஸ்ட்ரீம் என்றால் 528 எம்பி. 10 கிகாபிட் கம்பி சாதாரண செட்டிங்கிலேயே 1,177 எம்பி தரும் என்பதால் இது தாராளமாக அடங்கும். புராக்ஸி (ஃபுட்டேஜின் சுருக்கிய நகல்) வைத்தே எடிட் செய்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. அந்தப் பணத்துக்கு ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஓர் என்விஎம்இ டிஸ்க் (அதிவேக எஸ்எஸ்டி) போட்டு, மீடியா கேஷை (எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள்) அதற்கு மாற்றுங்கள். கேஷ் கோப்புகள் நாஸில் கிடந்தால் எந்த ஸ்விட்சும் காப்பாற்றாது.

பெட்டி

நாலு எஸ்எஃப்பி+ போர்ட் (கேபிளோ மாட்யூலோ சொருகும் 10 கிகாபிட் வாய்), ஒரு சாதாரண கிகாபிட் போர்ட். நாலு பத்தும் ஒரு ஒன்றும் சேர்ந்து 41 கிகாபிட்; அத்தனையையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் கடத்தும். ஃபேன் கிடையாது. எடிட் அறைக்கு, அதிலும் டப்பிங் நடக்கும் அறைக்கு, இது பெரிய விஷயம். பழைய சர்வர் அறை ஸ்விட்சைக் குறைந்த விலைக்குப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அதன் விசில் சத்தம் தாங்காமல் மறுவாரமே விற்ற கதை எல்லாருக்கும் தெரியும்.

அடாப்டர் சொருக இரண்டு ஜாக் இருக்கின்றன. இரண்டிலும் அடாப்டர் போட்டு, ஒன்றை யுபிஎஸ்ஸிலும் இன்னொன்றை நேர் லைனிலும் விடலாம். அடாப்டர் ஒன்று செத்தாலும் நெட்வொர்க் நிற்காது. இந்த விலைப் பெட்டியில் இதை எதிர்பார்க்க முடியாது.

கிகாபிட் போர்ட்டை நிர்வாகத்துக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். பழைய எட்டு போர்ட் ஸ்விட்சை அதில் இணைத்துவிடுங்கள். பிரின்டர், கேமரா, வைஃபை எல்லாம் அந்தப் பக்கம். நாலு எஸ்எஃப்பி+ போர்ட்டில் ஒன்று நாஸுக்கு, மூன்று எடிட் சிஸ்டத்துக்கு. நாலாவது சிஸ்டம் ஆறு மாதத்தில் வரப்போகிறது என்று தெரிந்தால் இதை வாங்காதீர்கள். எட்டு எஸ்எஃப்பி+ உள்ள சிஆர்எஸ்309 பக்கம் போங்கள்.

உள்ளே இரண்டு மென்பொருள் வருகின்றன: ரவுட்டர்ஓஎஸ், ஸ்விட்ச்ஓஎஸ். எதில் கிளம்ப வேண்டும் என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். வெறும் ஸ்விட்சாக மட்டும் ஓடப்போகிறது என்றால் ஸ்விட்ச்ஓஎஸ் போதும், ஒரே பிரவுசர் பக்கத்தில் வேலை முடியும். ரவுட்டர்ஓஎஸ் அதிகம் செய்யும். அதே அளவுக்கு அதிகமாகக் கெடுத்துக்கொள்ளவும் இடம் தரும். அதில் செய்யக்கூடாத முக்கியமான தப்பு, இரண்டாவது பிரிட்ஜ் (போர்ட்டுகளை ஒன்றுசேர்க்கும் குழு) உருவாக்குவது. இந்த ரகத்தில் ஒரே ஒரு பிரிட்ஜ்தான் ஸ்விட்ச் சிப்பில் ஓடும். இரண்டாவதில் சேர்த்த போர்ட்டுகளின் டிராஃபிக் முழுதும் பெட்டிக்குள் இருக்கும் குட்டி சிபியூ வழியாகப் போகும். 10 கிகாபிட் அங்கே சில நூறு மெகாபிட்டாகச் சுருங்கும். பிரிட்ஜ் போர்ட் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'எச்' என்ற எழுத்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தப் போர்ட் சிப்பில் ஓடுகிறது. பெயரில் ரவுட்டர் இருக்கிறதே என்று இதையே இன்டர்நெட் ரவுட்டராக்குவதும் இதே தப்பின் இன்னொரு வடிவம்.

சூடு

சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஃபேன் இல்லாத பெட்டி தன் உடம்பு முழுவதையும் ஹீட்சிங்காக (சூட்டை வெளியேற்றும் உலோகம்) வைத்துக்கொள்கிறது. தொட்டால் சுடுவது இயல்பு, பயப்பட வேண்டாம். எஸ்எஃப்பி+ போர்ட்டில் எதைச் சொருகுகிறீர்கள் என்பதில்தான் விஷயம்.

மூன்று வழி இருக்கிறது. முதலாவது டாக் கேபிள்: இரண்டு முனையிலும் எஸ்எஃப்பி+ தலையோடு வரும் தாமிரக் கம்பி. 1 மீட்டர், 3 மீட்டர் நீளத்தில் தாராளமாகக் கிடைக்கும். கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது, சூடும் இல்லை. ஒரே அறைக்குள் என்றால் வேறு யோசனையே வேண்டாம். இரண்டாவது ஃபைபர்: எஸ்ஆர் (குறுந்தூர ஒளி) மாட்யூல் இரண்டு, நடுவில் ஓஎம்3 ரக ஃபைபர் கேபிள், இரண்டு பக்கமும் எல்சி ரகத் தலை. 300 மீட்டர் வரை போகும் என்பதால் மாடி விட்டு மாடி போக இதுதான் சரி. இடி மின்னலில் கம்பி வழியே போர்ட் போகிற கவலையும் இல்லை. மூன்றாவது ஆர்ஜே45 மாட்யூல்: வழக்கமான நெட்வொர்க் கேபிள் சொருகும் வாய். இதுதான் வம்பு.

மேக் ஸ்டூடியோவில் 10 கிகாபிட் போர்ட் ஆர்ஜே45 வடிவில்தான் இருக்கிறது. அதை இந்தப் பெட்டியில் சேர்க்க எஸ்+ஆர்ஜே10 போன்ற மாட்யூல் தேவை. டாக் கேபிளோடு ஒப்பிட்டால் அது குடிக்கும் கரண்ட் பல மடங்கு. அத்தனையும் விரல் அகல மாட்யூலுக்குள் சூடாக மாறுகிறது. ஃபேன் இல்லாத பெட்டிகளில் இவற்றை அடுத்தடுத்த போர்ட்டில் சொருகாதீர்கள், ஒன்று விட்டு ஒன்றில் சொருகுங்கள் என்பது மைக்ரோடிக்கே தரும் அறிவுரை. அப்படியானால் நாலு போர்ட்டில் இரண்டுக்குமேல் ஆர்ஜே45 கூடாது. அந்த இரண்டு மாட்யூலும் 1, 3 என்ற போர்ட்டுகளில்; டாக் கேபிள்கள் 2, 4-ல். 10 கிகாபிட்டில் இந்த மாட்யூலின் எல்லை 30 மீட்டர், அதுவும் கேட்6ஏ கம்பியில். சுவருக்குள் இருக்கும் பழைய கேட்5இ கம்பியை நம்பி வாங்கினால், சிலசமயம் 10 வரும், பலசமயம் 5-லோ 2.5-லோ நிற்கும்.

மூன்று மேக் ஸ்டூடியோ, நாஸிலும் ஆர்ஜே45 என்றால் இந்த ஸ்விட்ச் உங்களுக்கானது இல்லை. அதே கம்பெனியின் சிஆர்எஸ்304-ல் நாலு போர்ட்டுமே 10 கிகாபிட் ஆர்ஜே45. மாட்யூல் செலவும் மிச்சம்.

கத்திரி வெயிலில் பகல் பிரச்சினை இல்லை, ஏசி ஓடும். ராத்திரி எல்லாரும் ஏசியை அணைத்து, அறையைப் பூட்டிவிட்டு, பேக்கப்பை ஓடவிட்டுப் போவார்கள் பாருங்கள், சோதனையே அப்போதுதான். ஸ்விட்சை நாஸின் மேல் அடுக்காதீர்கள், மரப்பெட்டிக்குள் வைக்காதீர்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று கடற்காற்று படும் இடமாக இருந்தால், காலியாக இருக்கும் எஸ்எஃப்பி+ வாய்களை ரப்பர் மூடியால் அடைத்து வையுங்கள். உப்புக்காற்று முதலில் அரிப்பது மாட்யூல் தொடும் அந்த உலோக விரல்களைத்தான்.

கார்டு

ஸ்விட்ச் புதிதாக வாங்கினாலும், சிஸ்டங்களுக்குப் போடும் நெட்வொர்க் கார்டு பெரும்பாலும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சர்வர் பிரித்த சாமானாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை. இன்டெல் எக்ஸ்520, மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 இரண்டும் உழைத்துத் தேர்ந்த கார்டுகள். வாங்கும்போது டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்று கேட்டு, பில்லின் மேலேயே எழுதி வாங்குங்கள். கார்டோடு வரும் பிராக்கெட் உங்கள் கேபினெட்டுக்கு ஏற்ற உயரமா என்றும் பாருங்கள். குட்டை பிராக்கெட்டோடு வீட்டுக்கு வந்தால் மறுபடி ஒரு நடை.

எக்ஸ்520 இன்டெல் முத்திரை இல்லாத ஃபைபர் மாட்யூல்களை ஏற்க மறுக்கும். லினக்ஸில் ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவருக்கு ஒரு விருப்பம் கொடுத்தால் வழிக்கு வரும். டாக் கேபிளுக்கு இந்தத் தகராறு இல்லை. இந்தக் கார்டுகள் சர்வருக்குள் அடிக்கும் காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. சாதாரண கேபினெட்டில் அந்தக் காற்று கிடையாது. ஹீட்சிங்கின் மேல் ஒரு 40 மிமீ ஃபேனை டேக் போட்டுக் கட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். சூடு மிஞ்சினால் இன்டெல் டிரைவர் கார்டை மொத்தமாக நிறுத்திவிடும், மறுபடி கிளப்பினால்தான் உயிர் வரும். பாதி ராத்திரியில் பேக்கப் அறுந்து, காலையில் ரீஸ்டார்ட் செய்ததும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் சந்தேகம் இங்கேயே விழட்டும்.

அடுத்தது ஸ்லாட். எக்ஸ்520 எட்டு லேன் (தரவு ஓடும் தடம்) உள்ள பிசிஐஇ 2.0 கார்டு. மதர்போர்டின் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு ஸ்லாட் இருக்கும். நீளம் பார்த்து நம்பக்கூடாது. பல போர்டுகளில் அதற்குள் ஓடுவது ஒரே ஒரு லேன். அதில் சொருகினால், போர்டு 3.0 ஆக இருந்தாலும் கார்டு 2.0 என்பதால், ஏட்டளவில் நொடிக்கு 500 எம்பி. ஸ்விட்சில் '10 கிகாபிட் லிங்க்' என்று பச்சை விளக்கு எரியும். சோதித்தால் 3 சொச்சம் கிகாபிட்தான் வரும். லினக்ஸில் பிசிஐ சாதன விவரத்தை விரிவாகக் கேட்டால், கார்டின் தகுதி ஒரு வரியிலும், இப்போது கிடைத்திருப்பது அடுத்த வரியிலும் தெரியும். இரண்டிலும் லேன் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நாலு லேன் கிடைத்தாலே ஒரு போர்ட்டுக்குப் போதும்.

113-ல் நிற்கும் காப்பி

எல்லாம் மாட்டியாயிற்று, 10 கிகாபிட் விளக்கும் எரிகிறது, காப்பி மட்டும் 113-ஐத் தாண்டவில்லை. இது மிகப் பரவலான புகார், காரணமும் மிக எளியது: மதர்போர்டின் பழைய கிகாபிட் போர்ட்டிலும் கேபிள் அப்படியே இருக்கிறது. இரண்டு போர்ட்டுக்கும் ஒரே 192.168.1 வரிசையில் முகவரி கிடைத்திருக்கிறது. நாஸின் பெயரைச் சொல்லி அழைத்தால் எந்தப் பாதை என்பதைச் சிஸ்டம் தன் விருப்பப்படி முடிவு செய்யும். அது பழைய பாதையாக இருந்துவிடுகிறது.

தீர்வு இரண்டு. சிஆர்எஸ்305-ன் கிகாபிட் போர்ட் வழியே இன்டர்நெட் வரும்படி இணைத்து, எடிட் சிஸ்டத்தின் பழைய கேபிளைக் கழற்றிவிடலாம். ஒரே கம்பியில் நாஸும் இன்டர்நெட்டும் வரும். அல்லது 10 கிகாபிட் கார்டுகளுக்கு மட்டும் 10.10.10 என்று தனி வரிசையில் முகவரி கொடுத்து, கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டு, டிரைவ் மேப்பிங்கை நாஸின் பெயரில் செய்யாமல் அந்த எண்ணில் செய்யலாம். இரண்டாவது வழியில் சேமிப்பு டிராஃபிக் தனிப் பாதையில் போகிறது. பின்னால் எம்டியூவைத் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) தொடுவதாக இருந்தாலும் மற்ற சாதனங்களைப் பாதிக்காது. எங்கள் ஓட்டு இதற்கே.

கிகாபிட் கேபிள் இரண்டைச் சேர்த்துக் கட்டினால் 2 கிகாபிட் வந்துவிடுமே, ஸ்விட்சே வேண்டாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: வராது. அப்படிக் கேபிள்களைச் சேர்க்கும் எல்ஏசிபி முறை ஒரு இணைப்பை ஒரு கம்பியில்தான் ஓட்டும். நாலு பேர் நாலு இணைப்பில் இழுத்தால் பங்கு பிரியும்; ஒருவரின் ஒரு காப்பி 118-லேயே நிற்கும்.

அளக்கும் வரிசை

செட்டிங் எதையும் தொடும் முன் அளந்துவிட வேண்டும், அதுவும் கீழிருந்து மேலே. முதலில் டிஸ்க் இல்லாமல் வெறும் கம்பி. நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை நாஸில் சர்வராகவும் எடிட் சிஸ்டத்தில் கிளையண்டாகவும் ஓட்டுங்கள். 1,500 எம்டியூவில் 9.41 கிகாபிட் வந்தால் கம்பி, கார்டு, ஸ்லாட், ஸ்விட்ச் நாலும் சுத்தம். ஐபெர்ஃப் வழக்கமாகக் கிளையண்டிலிருந்து சர்வருக்கு மட்டும்தான் அனுப்பும். எடிட்டருக்கு முக்கியம் நாஸிலிருந்து வரும் வேகம் என்பதால், திசையைத் திருப்பும் விருப்பத்தோடு இன்னொருமுறை ஓட்டுங்கள். ஒரு திசையில் 9.4, மறுதிசையில் 6 என்று வந்தால் பார்க்க வேண்டியது அனுப்புகிற பக்கம் இல்லை. பெரும்பாலும் வாங்குகிற சிஸ்டத்தின் சிபியூ திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் மொத்த சிபியூ 15 சதவீதம் என்று காட்டும், ஏமாறாதீர்கள். கோர் வாரியாகப் பார்த்தால் ஒரே ஒரு கோர் 100-ல் நிற்கும். கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ரிசீவ் சைடு ஸ்கேலிங் (ஆர்எஸ்எஸ்: வரும் பாக்கெட் வேலையைப் பல கோருக்குப் பிரிப்பது) ஆன் ஆகியிருக்கிறதா, பவர் பிளான் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபெர்ஃப்3-ன் பதிப்பும் முக்கியம். 3.16-க்கு முந்தையவற்றில், பல இணைப்பு கேட்டாலும் எல்லாம் ஒரே திரெட்டில்தான் ஓடும். விண்டோஸுக்கென்று பல இடங்களில் கிடக்கும் பழைய 3.1 பதிப்பை வைத்து அளந்துவிட்டு ஸ்விட்சைத் திட்டுவது நியாயமில்லை.

லினக்ஸ் பக்கம் ஐபெர்ஃப் ஒவ்வொரு நொடிக்கும் ரீட்ரான்ஸ்மிட் (தொலைந்ததை மறுபடி அனுப்புதல்) எண்ணிக்கை காட்டும். பூஜ்யமோ ஒற்றை இலக்கமோ என்றால் நல்லது. ஒவ்வொரு நொடியும் நூற்றுக்கணக்கில் ஏறினால், ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் எஃப்சிஎஸ் பிழை (வழியில் சிதைந்த ஃபிரேம்) எண்ணைப் பாருங்கள். அதுவும் கூடவே ஏறினால் கேபிளோ மாட்யூலோ பழுது. ஃபைபர் என்றால் தலையைத் துடையுங்கள். பிழை ஏறாமல் ரீட்ரான்ஸ்மிட் மட்டும் ஏறினால் எங்கோ பாக்கெட் வழிகிறது.

அடுத்து டிஸ்க், நெட்வொர்க் இல்லாமல். நாஸுக்குள்ளேயே டிஸ்க் வேகம் அளக்கும் ஃபியோவை ஓட்டுங்கள். ரேம் 32 ஜிபி என்றால் சோதனைக் கோப்பு 64 ஜிபியாவது இருக்கட்டும்; இல்லாவிட்டால் அளப்பது ரேமின் வேகத்தை. வெறும் பூஜ்யங்களை எழுதி அளக்கும் பழக்கம் இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் செல்லாது. அது பூஜ்யங்களைச் சுருக்கிச் சுருட்டிவிட்டு நொடிக்கு மூவாயிரம் எம்பி என்று பெருமையடிக்கும். ஒரு 7,200 ஆர்பிஎம் டிஸ்க் வெளி விளிம்பில் 200, 250 எம்பி தரும். நிறைந்து உள் வட்டத்துக்கு வரும்போது பாதிக்கு அருகில் இறங்கும். ஆறு டிஸ்க் ரெய்டு-இசட்2-வில் (இரண்டு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும் அமைப்பு) தரவுக்கு நாலு. ஒருவர் ஒரே கோப்பை வரிசையாகப் படித்தால் 800 வரும். மூன்று பேர் மூன்று இடத்தில் படிக்கும்போது டிஸ்க்கின் தலை அங்கும் இங்கும் ஓடி அது கணிசமாக விழும். இங்கே வரும் எண்ணைத் தாண்டி எந்த நெட்வொர்க் செட்டிங்கும் தராது. பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

ஜம்போ ஃபிரேம்

10 கிக் என்றதும் எல்லாரும் முதலில் கை வைப்பது, எம்டியூவை 1,500-லிருந்து 9,000 ஆக்கும் ஜம்போ ஃபிரேமில். கடைசியாகக் கை வைக்க வேண்டியது இது. லாபம் என்ன? 9.41 என்பது 9.90 ஆகும், கம்பியில் 5 சதவீதம். உண்மையான பலன் வேறு: முழு வேகத்தில் நொடிக்கு எட்டு லட்சத்துக்குமேல் போகும் ஃபிரேம்கள் 1.4 லட்சத்துக்குக் கீழே இறங்கும். செலரான் போன்ற மெலிந்த சிபியூ உள்ள நாஸுக்கு அது பெரிய ஆறுதல். சிபியூ ஏற்கெனவே 9.41 தருகிறது என்றால், வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

வாங்கித்தான் ஆவேன் என்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். ரவுட்டர்ஓஎஸ்ஸில் மாற்ற வேண்டியது எம்டியூ அல்ல, ஒவ்வொரு எஸ்எஃப்பி+ போர்ட்டின் எல்2எம்டியூ (போர்ட் கடத்தக்கூடிய ஃபிரேமின் உச்ச அளவு). ஆரம்பத்தில் அது 1,600-க்குக் கீழே இருக்கும். இந்தப் பெட்டியின் உச்சம் 10,218, அதையே வைத்துவிடலாம். லினக்ஸ் நாஸில் 9,000. விண்டோஸ் டிரைவரில் 'ஜம்போ பாக்கெட் 9014' என்று இருக்கும். ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டைச் சேர்த்துச் சொல்வதால் அந்த எண், இரண்டும் ஒன்றே. பிறகு 'துண்டாக்காதே' என்ற விருப்பத்தோடு 8,972 பைட் பிங் அனுப்புங்கள். 9,000-ல் ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 போக மீதி அதுதான். பதில் வந்தால் வழி முழுதும் திறந்திருக்கிறது.

இந்த பிங்கைச் செய்யாமல் விட்டால் வரும் கோளாறின் முகம் விசித்திரமாக இருக்கும். இரண்டு முனையும் 9,000, நடுவில் ஒரு போர்ட் மட்டும் பழைய எல்லையில். சாதாரண பிங் போகும். பாஸ்வேர்ட் கேட்கும், உள்ளே விடும். பத்துக் கோப்பு உள்ள ஃபோல்டர் திறக்கும். ஐந்நூறு கோப்பு உள்ளதைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும். சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது சத்தமில்லாமல் விழுகிறது. நாஸில் பெர்மிஷன் கோளாறு என்று இரண்டு நாள் தேட வைக்கும் ரகம் இது.

காப்பி அடித்த செட்டிங்குகள்

'10 கிக் டியூனிங்' என்று தேடினால் டிசிபி பஃபர் (தரவு காத்திருக்கும் தற்காலிக இடம்) அளவுகளை ஏற்றும் இருபது வரி எங்கும் கிடைக்கும். எடிட் அறைக்கு அது வேண்டாத வேலை. கணக்கு இதோ: 10 கிகாபிட்டை, அறைக்குள் போய்வரும் நேரமான 0.2 மில்லிநொடியால் பெருக்கினால் 250 கேபி. கம்பியில் ஒரு நேரத்தில் பறந்துகொண்டிருக்கக்கூடியது அவ்வளவே. லினக்ஸ் எதையும் தொடாமலே வாங்கும் பக்கம் 6 எம்பி வரை தானாக ஏற்றிக்கொள்ளும். பெரிய பஃபர் தேவைப்படுவது தூரத்துக்கு: சென்னையிலிருந்து மும்பை கிளைக்கு 1 கிகாபிட் லைனில் நகல் அனுப்புகிறீர்கள், போய்வர 25 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால் 3 எம்பிக்குமேல் வேண்டும். அதற்கும் இருப்பதே போதும்.

இதைவிட மோசம், லினக்ஸ் நாஸ் விண்டோஸுக்குக் கோப்பு பகிர உதவும் சாம்பா மென்பொருளின் கான்ஃபிக்கில் சாக்கெட் ஆப்ஷன் வரியில் அனுப்பும், வாங்கும் பஃபர்களை 65,536 என்று எழுதுவது. 100 மெகாபிட் காலத்து வரி. அதை எழுதிய கணமே லினக்ஸின் தானியங்கி ஏற்றம் நின்றுவிடும். 64 கேபியை 0.2 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்பினால் நொடிக்கு 330 எம்பி வாக்கில். கம்பி 9.4 காட்டுகிறது, டிஸ்க் 800 காட்டுகிறது, காப்பி மட்டும் 300-ல் முட்டுகிறது என்றால் அந்த வரியைத் தேடி அழியுங்கள்.

அதுவும் இல்லையென்றால் எஸ்எம்பி (விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறை) கையொப்பம்: அனுப்பியது வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் குறி. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து புரோ, என்டர்பிரைஸ் சிஸ்டங்கள் எஸ்எம்பி கையொப்பத்தைக் கட்டாயமாக்கிக் கேட்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நாஸ் சிபியூ ஒரு கணக்குப் போட வேண்டும். விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள் வேகம் விழுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். வருகிறவர் போகிறவர் எல்லாம் லேப்டாப் சொருகும் இடத்தில் அதை அணைக்கச் சொல்ல மாட்டோம். சேமிப்புக்கென்று தனி வரிசை, தனி ஸ்விட்ச் இருந்தால் யோசிக்கலாம்.

சாம்பா 4.15 முதல் மல்டிசேனல் (ஒரே பகிர்வுக்குப் பல இணைப்பு) தானாகவே ஆன். ஆர்எஸ்எஸ் உள்ள கார்டு என்றால் விண்டோஸ் ஒரே கம்பியில் நாலு இணைப்பு திறந்து வேலையை நாலு கோருக்குப் பிரிக்கும். லினக்ஸ் எடிட் சிஸ்டத்தில் கோப்புப் பகிர்வு என்எஃப்எஸ் முறையில் என்றால், கெர்னல் 5.3 முதல் மவுண்ட் வரியில் என்கனெக்ட் (இணைப்பு எண்ணிக்கை) விருப்பம் உண்டு. 4-ல் தொடங்குங்கள், 16 உச்சம்.

ஒரு லட்சம் சின்னப் படங்களைக் காப்பி செய்யும்போது வேகம் 5 எம்பிக்கு விழுவதற்கு மேலே சொன்ன எதுவும் மருந்தில்லை. ஒவ்வொரு கோப்பும் திற, எழுது, நேரம் குறி, மூடு என்று பலமுறை போய்வர வேண்டும்; கோப்புக்கு 5 மில்லிநொடி என்றாலே 500 நொடி. விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையில் 16 திரெட் கொடுங்கள், நேரம் நன்றாகவே குறையும்.

ஃப்ளோ கன்ட்ரோல்

10 கிகாபிட் நாஸ், கிகாபிட் போர்ட்டின் பின்னால் இருக்கும் பழைய சிஸ்டத்துக்கு அனுப்பும்போது இந்தப் பெட்டியின் எல்லை தெரியும். 1 எம்பி 0.8 மில்லிநொடியில் உள்ளே வந்துவிடும். அதற்குள் வெளியே போவது 100 கேபி. மீதி 900 கேபி பஃபரில் காத்திருக்க வேண்டும். சின்ன ஸ்விட்சில் பஃபரும் சின்னது. வழிந்தால் ரீட்ரான்ஸ்மிட், 118 வர வேண்டிய சிஸ்டத்துக்கு அதைவிடக் குறைவாக வரும்.

ஃப்ளோ கன்ட்ரோலை ஆன் செய்தால் வழிவது நிற்கும், ஆனால் ஸ்விட்ச் நாஸையே 'நில்' என்கிறது. வலது பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஒரு வண்டிக்காகப் பின்னால் நேரே போக வேண்டிய அத்தனை பேரும் நிற்பது போல, ஒரு பழைய சிஸ்டத்துக்காக 10 கிகாபிட் எடிட்டர்களும் நிற்பார்கள். ரவுட்டர்ஓஎஸ்ஸில் இது ஆஃப் ஆகவே வரும், அப்படியே விடுங்கள். இன்டெல் கார்டு டிரைவர் தன் பக்கம் ஆன் செய்துகொண்டு வரும், அதையும் அணைத்துவிடுங்கள். பழைய சிஸ்டம் கொஞ்சம் மெதுவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் ஒழுங்காக ஓடியதும் ஸ்விட்சின் கான்ஃபிக்கை ஒரு கோப்பாக இறக்கி, அந்த நாஸில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். ரவுட்டர்ஓஎஸ், ஸ்விட்ச்ஓஎஸ் இரண்டின் செட்டிங்கும் தனித்தனி. ஒன்றில் மாற்றியது மற்றதில் வராது. யாராவது பெட்டியின் ஆரம்ப முகவரியான 192.168.88.1-ல் நுழைந்து, கிளம்பும் மென்பொருளை மாற்றிவிட்டால் எல்2எம்டியூ உட்பட ரவுட்டர்ஓஎஸ்ஸில் செய்தது எதுவும் ஓடாது.